எட்டாம் நம்பர் கிரேன் மூழ்கும்போது

ராயபுரம்
14 ஜூலை 2024

ஜூடி அக்காவுக்கு,

கோபம் ஆறாத தம்பி ஜோ எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு உன்மேல் எரிச்சல், மற்றபடி சௌக்கியம்.

கன்னியாஸ்திரி ஆவதற்கு உனக்கு வேறு வருஷமே கிடைக்கவில்லையா? ‘நடக்கும் துறைமுகம்’ இரண்டாம் சீசன் அக்டோபரில் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏற்காடு மலையேறிவிட்டாய். நவதுறவு வருஷம் முழுக்க போன் கிடையாதாம். மாதம் ஒரு கடிதமாம். அதையும் உங்கள் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவாராம். படிக்கட்டும்.

மதர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. இது குழந்தைகள் கார்ட்டூன் இல்லை. அனிமே என்பார்கள், ஜப்பான்காரர்கள் வரைவது. ‘நடக்கும் துறைமுகம்’ கதையில் துறைமுகத்துக் கிரேன்களுக்குக் கால் முளைத்திருக்கும். கடலிலிருந்து வரும் ஜந்துக்களை அவை போய்த் தடுக்கும். எட்டாம் நம்பர் கிரேனை ஓட்டுகிறவள் ஹோனோ. அடி அறையில் இஞ்சின் பார்க்கிறவன் அவள் தம்பி. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் நிஜத் துறைமுகக் கிரேன்கள் தெரியும். உங்கள் நவதுறவி ஜூடி பதினேழு வயதில் அவற்றைப் பார்த்து, “அதோ பாரு, கால மாத்தி வெக்குது” என்று என்னை நம்ப வைத்தவள். ஆண்டவரிடம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

அக்கா, நீ விட்டுவிட்டுப் போன இயர்போன் இப்போது முழுவதும் எனக்கு. இடது உனக்கு வலது எனக்கு என்று பங்கு போட்டே பழகியதால் இரண்டையும் மாட்டினால் வீடு காலியாக இருக்கிற மாதிரி இருக்கிறது. வேறு சீரியல்களும் பார்த்து வைத்தேன். ‘ஆறு வாள் அண்ணன்கள்’ குப்பை. வாளை உருவினால் ஒரு முரசு, உறையில் போட்டால் அதே முரசு. ‘கடைசி பஸ் பேய்கள்’ படம் சுமார், ஆனால் முடிவுப் பாட்டில் ஒரு செல்லோ வருகிறது, அதற்காகவே பன்னிரண்டு எபிசோடும் பொறுத்துக்கொண்டேன். என் கட்சி உனக்குத் தெரியும். கதை பொய் சொல்லும், படம் பொய் சொல்லும், பின்னணி இசை சொல்லாது.

திருவொற்றியூர் ஷெட்டில் வேலை அப்படியே போகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஹேமரில் வைத்து அடிப்பது, அதே அடி, அதே சூடு. ஆனால் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். காதுக்கு ஒரு கவசம் தருவார்களே, மஃப், வேர்க்கிறது என்று மூன்று வருஷமாகக் கழற்றிக் கழற்றி வைப்பேன். இப்போது அதற்குள்ளே உன் இயர்போன். சத்தத்தை முழுசாக ஏற்றினால் ஹேமரையே வாத்தியார் அடித்துத் தள்ளிவிடுகிறார். (மதருக்கு: வாத்தியார் என்றால் ‘நடக்கும் துறைமுகம்’ இசையமைப்பாளர். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாது.) மஃப்பை ஒழுங்காகப் போடுகிறேன் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

ஜோ

ஏற்காடு
4 ஆகஸ்ட் 2024

என் அருமைக் கோபக்காரனுக்கு,

உன் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது மதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அந்தக் கிரேனுக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கா?” என்று கேட்டார். நீ பிழைத்தாய்.

இங்கே காலையில் ஜெபம், பிறகு மிளகுக்கொடிக்குத் தண்ணீர், பிறகு வகுப்பு, பிறகு மறுபடி ஜெபம். பாடலுக்கு ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கட்டை அழுந்தாது. களை பிடுங்கும்போது வாய்க்குள்ளேயே நம் முதல் சீசன் பாட்டின் புல்லாங்குழலை முனகிக்கொள்கிறேன். அதைத் தியானம் என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்வதில்லை.

மஃப்புக்குள் இயர்போன், நல்ல யோசனை. அந்தச் சனியன் பிடித்த சத்தத்தை நீ கேட்காமல் இருந்தால் சரி. எனக்கும் சேர்த்துக் கேள்.

இரண்டாம் சீசன் வந்ததும் கதையை எழுதாதே, அதை எப்படியும் ஒரு நாள் பார்த்துக்கொள்வேன். இசையை எழுது. எந்த இடத்தில் எது நுழைகிறது, எது நிற்கிறது, உனக்கு என்ன தோன்றியது, எல்லாம். நான் உன் எழுத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மே முப்பத்தொன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவு உறுதிமொழி கொடுக்கிற நாள். நீயும் அம்மாவும் வருவீர்கள். பூசை, சாப்பாடு எல்லாம் முடிந்ததும் நீ அந்த இயர்போனை எடு. இடது எனக்கு, வலது உனக்கு. புதிய பாட்டை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்பேன். மதரிடம் இப்போதே அனுமதி வாங்கிவிட்டேன். ஒரு பாட்டுக்கு மட்டும் கொடுத்தார்.

அந்த ஒரு பாட்டை நினைத்துத்தான் இங்கே வருஷத்தைத் தள்ளுகிறேன். இதை மதர் படித்தாலும் பரவாயில்லை.

உன் ஜூடி

ராயபுரம்
27 அக்டோபர் 2024

அக்கா,

வந்துவிட்டது. மூன்று எபிசோட் ஆகிவிட்டது.

முதலில் கெட்ட செய்தி. தொடக்கப் பாட்டில் புல்லாங்குழல் இல்லை. மணிகளும் இல்லை. போன சீசனில் முதல் நொடியே குழல் வரும், பிறகு சின்ன மணிகள் சிலிர்க்கும், பிறகுதான் முரசு. இப்போது முரசும் பாஸ் கிதாரும் மட்டும், ஏதோ கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பெண் குரல் ஒன்று பாடுகிறது, அதில் வார்த்தையின் ஓரமெல்லாம் மழுங்கி இருக்கிறது. வாத்தியாருக்கு வயசாகிவிட்டது என்று முதல் வாரம் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது எபிசோடில்தான் புரிந்தது. எட்டாம் நம்பருக்குத் துரு ஏறிக்கொண்டிருக்கிறது, அக்கா. ஹோனோவுக்கு அது தெரியாது. வாத்தியாருக்குத் தெரியும். அதனால் மேல் சுதியை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். கிரேனுக்கு ஏறுகிற துரு இசைக்கும் ஏறுகிறது. இப்படி ஒரு துணிச்சலை வேறு எந்த ஆளும் செய்ததில்லை. இதை இணையத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். ஒருத்தன் “போய்க் காதைக் கழுவு” என்று பதில் எழுதினான். இசையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். பிளாக் செய்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவோடு தினம் சண்டை. பல் கட்டியதிலிருந்து வாய்க்குள்ளேயே பேசுகிறாள். என்ன என்று கேட்டால் கத்துகிறாள். நேற்று சாதம் அடிப்பிடித்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து வந்தவள், “இன்னாடா, குக்கரு தெருவுக்கே கத்திகினு கீது, காதுல இன்னா பஞ்சா வெச்சிகினு கீற?” என்று ஆரம்பித்துவிட்டாள். விசில் வரவே இல்லை. கேஸ்கட் போயிருக்கும், மாற்ற வேண்டும்.

ஜோ

ஏற்காடு
17 நவம்பர் 2024

ஜோ,

துரு பற்றி நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். குழல் போனதற்காக ஒரு நாள் பூராவும் முனகாமலே களை பிடுங்கினேன். ஆனாலும் எவ்வளவு பெரிய யோசனை. நீ ஷெட்டில் இரும்பு அடித்துக்கொண்டிருக்க வேண்டியவன் இல்லை என்று அப்பா இருந்தபோதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

ஒரு விசேஷம். மதர் உன் கடிதத்தை மாலைப் பொழுதில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இப்போது பதினோரு பேருக்கும் ஹோனோவின் கவலை. சமையலறையில் ஒருத்தி அவளுக்காக ஜெபமாலை சொல்கிறாள். அடுத்ததை விவரமாக எழுது, அவசரப்பட்டு முடித்துவிடாதே.

அம்மாவைக் கத்த விடாதே. கேஸ்கட்டை மாற்று.

ஜூடி

ராயபுரம்
29 டிசம்பர் 2024

அக்காவுக்கும், மதருக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற எல்லோருக்கும்,

முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் கேக்கை அம்மா வெட்டிக்கொண்டிருந்தபோது கடைசி எபிசோட் பார்த்தேன். அழுதேன். அம்மா என்ன என்று கேட்டாள் போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

எட்டாம் நம்பர் மூழ்குகிறது. அடி அறைக் கதவு வளைந்துவிட்டது, தம்பி உள்ளே. ஹோனோவைத் தண்ணீருக்கு மேலே தள்ளிவிடுவது அந்தக் கிரேனின் கடைசி வேலை. அதற்குப் பிறகு கிரேன் மட்டும் கீழே போகிறது. நீளமான காட்சி. யாரும் பேசுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் முகம் சின்னதாகிக்கொண்டே போகிறது.

இந்த இடத்தில் வாத்தியார் செய்திருப்பதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். முரசு இல்லை, பாஸ் இல்லை. ஒரே ஒரு ஸ்வரம். ரொம்ப மேலே, மெல்லிய கம்பி மாதிரி. ஏறவில்லை, இறங்கவில்லை. வயலின் என்று முதலில் நினைத்தேன், ஆனால் வில் திரும்புகிற இடமே தெரியவில்லை. மூச்சு வாங்காமல் காட்சி முழுக்க அந்த ஒரு ஸ்வரம். சீசன் பூராவும் மேல் சுதியைத் தராமல் வைத்திருந்தது இதற்காகத்தான், அக்கா. ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்து, தம்பி சாகும்போது கொடுக்கிறார்.

நான் இதுவரை கேட்ட பின்னணி இசையிலேயே இதுதான் உச்சம். இனி இதைத் தாண்டி யாராலும் போக முடியாது. போனை அணைத்த பிறகும் அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் ஷெட்டிலும் மஃப்பைக் கழற்றியதும் கேட்டது. நல்ல இசை என்றால் அப்படித்தான், விட்டுப் போகாது.

மே மாதம் அந்தக் காட்சியையும் கொண்டுவருகிறேன். மதர் இன்னொரு பாட்டுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும்.

ஜோ

ஏற்காடு
26 ஜனவரி 2025

ஜோ,

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் டிசம்பர் கடிதத்தை மதர் வாசித்தபோது மூன்று பேர் அழுதார்கள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஐரீன் என்று இன்னும் நவதுறவுக்கு வராத ஒரு பயிற்சிப் பெண், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் வந்தவள், மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளும் அந்த சீரியலைப் பார்த்திருக்கிறாள். அந்த மூழ்கும் காட்சியில் இசையே கிடையாதாம். ஒரு ஸ்வரம்கூட இல்லையாம். சத்தமே இல்லாமல் விட்டதைப் பற்றித்தான் உலகமே பேசுகிறதாம். தொடக்கப் பாட்டில் குழல் முதல் நொடியிலிருந்து இருக்கிறதாம். அதை அங்கேயே பாடிக் காட்டினாள். அழகாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீ பார்க்கவே இல்லை, அப்படித்தானே? இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கியிருப்பாய். அக்கா மலை மேல் இருக்கிறாள், அவளுக்கென்ன தெரியப் போகிறது என்று கையில் வந்ததை எழுதியிருப்பாய். நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். இசை பொய் சொல்லாது என்று எனக்கே பாடம் எடுத்தவன் நீ.

நம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். அதிலும் நீ ஏமாற்றினால் நான் எதை வைத்துக்கொள்வது?

ஜூடி

ராயபுரம்
9 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதம் வந்ததும் அந்தப் பெண்மேல் ஆத்திரம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று போனை எடுத்தேன். கடைசி எபிசோட், அதே காட்சி. ஸ்வரம் இருந்தது. அப்படியே இருந்தது. பதிவு செய்து உனக்கு எப்படியாவது அனுப்புகிறேன் என்று நினைத்தேன்.

காட்சியை நடுவில் நிறுத்தினேன். படம் நின்றது. ஸ்வரம் நிற்கவில்லை. இயர்போனைக் கழற்றினேன். நிற்கவில்லை. போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் வாய் அசைந்தது.

காசிமேடு வரை நடந்தேன். அத்தனை படகும் இஞ்சின் போட்டிருந்தது, அதற்கு நடுவிலும் இருந்தது. அக்கா, அந்த ஸ்வரம் எபிசோடில் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ஷெட் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் அடங்கிக் கிடந்திருக்கும். வாத்தியார் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திய இடத்தில்தான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, பிரமாதம் என்று உனக்கு எழுதினேன்.

குழலை அவர் எடுக்கவில்லை. மணியையும் எடுக்கவில்லை.

பெரிய ஹேமரில் நிற்கிற சாலமோன் அண்ணனிடம் சொன்னேன். பதினெட்டு வருஷமாக அங்கே நிற்கிறவர். அவர் காதருகே கத்தித்தான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தார். “அல்லாருக்கும் அப்டித்தான் நைனா. மொதல்ல குருவி சத்தம் போவும். அப்பால பொண்டாட்டி குரலு போவும். அப்பால நிம்மதி தான்.” பிறகு என் மஃப்பைத் தூக்கி, உள்ளே இருந்த இயர்போனைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “இத்த உள்ள வெச்சிகினா அடிச்ச? எங்களுக்குப் பத்து வருசம் ஆச்சு. நீ சீக்கிரமா முட்சிகினியே” என்றார்.

நான் ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

ஜோ

ஏற்காடு
2 மார்ச் 2025

என் ஜோ,

மதர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த முறை வாசித்துக் காட்டவில்லை.

நல்ல யோசனை என்று எழுதியவள் நான். எனக்கும் சேர்த்துக் கேள் என்று எழுதியவளும் நான். இங்கே தினமும் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்க்க நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். அந்த நேரம் பூராவும் இந்த இரண்டு வரியிலேயே போகிறது. யாரிடம் சொன்னாலும், நீ வேண்டுமென்று செய்யவில்லையே என்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா?

பெரிய டாக்டரிடம் போ. அந்த வேலையை விடு. மே மாதம் வா. வராமல் இருந்துவிடாதே.

ஜூடி

ராயபுரம்
6 ஏப்ரல் 2025

அக்கா,

ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நான் அழுத்திய பாதி, எனக்குள் கேட்கிறதற்காக அழுத்தியது. டாக்டர் அம்மா ஒரு கோடு போட்டுக் காட்டினார். கீழ்ச் சுதியில் நேராக வந்து, மேல் சுதிக்குப் போனதும் படிக்கட்டில் உருண்ட மாதிரி கீழே போகிறது. நரம்பு செத்துவிட்டதாம், அது திரும்ப முளைக்காதாம். வலது காது மோசம், இடதில் கொஞ்சம் மிச்சம். காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு ஒருவாறு புரியும் என்றார். பாட்டு என்று கேட்டேன். அவர் மாஸ்க்கைக் கழற்றி, வாயைப் பெரிதாக அசைத்து, “பேச்சுக்குத்தான்பா” என்றார்.

வேலையை விடச் சொன்னாய். கேட்டில் உட்கார்கிற வேலை கேட்டுப் பார்த்தேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு ஹேமர்தான், கேட் கிடையாது. எண்ணூர்ப் பக்கம் இரண்டு இடத்தில் விசாரித்தேன், காது சோதனை வைக்கிறார்கள். அம்மா முட்டிக்கும் வைத்தியம் ஓட வேண்டும். அதனால் ஹேமரிலேயே நிற்கிறேன். போன காதுக்கு இனி என்ன காவல்.

அனிமே பார்க்காமல் இல்லை. நாம் எப்போதுமே சப்டைட்டில் படித்துப் பார்த்தவர்கள்தானே, கதை புரிகிறது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். யார் பேசினாலும் வாய் மூன்றே நிலையில்தான் அசைகிறது. திறந்தது, பாதி, மூடியது. ஹோனோவுக்கும் அதே மூன்று, சாகிற தம்பிக்கும் அதே மூன்று. இத்தனை வருஷம் நமக்கு அது தெரிந்ததே இல்லை. இசை மறைத்திருக்கிறது. இப்போது பார்த்தால் எல்லாம் பொம்மை.

வருகிறேன். இயர்போனும் கொண்டுவருகிறேன்.

ஜோ

ஏற்காடு
8 ஜூன் 2025

ஜோ,

நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்தது பற்றி அம்மா எழுதியிருந்தாள். வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு இப்போது போன் உண்டு. கையில் வந்ததும் உன் எண்ணைத்தான் அழுத்தினேன். இரண்டு மணி அடிப்பதற்குள் ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். செய்தி அனுப்பலாம்தான். ஆனால் நமக்குக் கடிதமே இருக்கட்டும், இதில் நீ எப்போதும் போல இருக்கிறாய்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். பூசையில் நான் மண்டியிட்டு வார்த்தைப்பாடு வாசித்தபோது நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் அவ்வளவு மெதுவாக வாசித்தேன். பீடத்துக்குப் பயந்து திணறுகிறேன் என்று மதர் நினைத்துக்கொண்டார்.

பிறகு பலாமரத்தடி. நீ இயர்போனை எடுத்தாய், பழக்கத்தில் இடதை என் பக்கம் நீட்டினாய். நான் வலதைப் பிடுங்கிக்கொண்டேன், இடதை உன் மிச்சக் காதில் நானே வைத்தேன். நீ சத்தத்தை முழுசாக ஏற்றினாய். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

ஒரு வருஷமாகக் காத்திருந்த பாட்டு. முதல் நொடியில் குழல் வந்தது, ஜோ. ஐரீன் பாடியது அதில் பாதிகூட இல்லை. பிறகு மணிகள், போன சீசனைவிட நிறைய, மழை தகரத்தில் விழுகிற மாதிரி. இதுவரை நாம் கேட்டதிலேயே அதுதான் நல்ல பாட்டு. எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது. அதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை. உன் பக்கம் திரும்பினேன். நீ கண்ணை மூடி, சின்ன வயதில் ஆட்டுவாயே, அதே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரிக் கோடு சொல்லாததை நரம்பு கொஞ்சம் வாங்குகிறதோ என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

பாட்டு முடிந்துவிட்டது. நீ ஆட்டிக்கொண்டே இருந்தாய். எதிரே நாற்காலியில் அம்மா உட்கார்ந்து நம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள், “இன்னா சொல்லுது பாட்டு?” என்று என்னிடம் கையால் கேட்டாள். நான் இயர்போனைக் கழற்றவில்லை. நீ கண்ணைத் திறக்கிற வரைக்கும் நானும் உன்னோடு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூடி